இதற்குள் என்ன இருக்கிறது?

அன்புத் தோழியருக்கு,

சென்ற இதழில் குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவது பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் அந்தக் கொதித்தாறிய நீரில் தேசிக்காய்த் தண்ணி கரைக்கப் போகிறோம். "இதையும் எழுதிப் படிப்பிக்க வேணுமோ?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. வன்னியில் தேசிக்காய்த் தண்ணி கரைக்கத் தெரியாத வீடு இல்லைத்தான். ஆனாலும் இதை எழுதவேண்டியிருக்கிறது. காரணம், நான் செய்த ஒரு தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் கிராமங்களில் ஒன்றில் முன்பள்ளிச் சிறுவர்களின் விளையாட்டுப் போட்டி நடந்தது. பிள்ளைகளுக்குக் குளிர்பானம் வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கடைக்குப் போய், தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஒரேஞ் நிறப் பானம் மூன்று போத்தல் வாங்கினேன். மலிவு, வேலையும் குறைவு, பிள்ளைகளுக்கும் அந்த நிறம் பிடிக்கும் என்று நினைத்தேன். போத்தலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பானம் கலந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். நாலு வயது மகன் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மிஸ், இவனுக்கு இந்தக் கலர்த் தண்ணி குடுக்க வேண்டாம். முந்தி ஒருக்கா குடிச்சிட்டு உடம்பெல்லாம் தடிச்சு, முட்டும் வந்தது" என்றார்.

நான் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "ஒரு வாய்தானே தங்கச்சி, ஒண்டும் செய்யாது. எல்லாப் பிள்ளையளும் குடிக்கேக்க இவன் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டால் ஏங்கிப்போவான்."

அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பத்துப் பேர் முன்னால் ஒரு உத்தியோகத்தர் சொல்லும்போது மறுத்துப் பேச எத்தனை பேருக்கு வாய் வரும்? பிள்ளை குடித்தான். அரை மணித்தியாலத்துக்குள் கழுத்திலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இரவு முழுக்க வாட்டில் வைத்திருந்தார்கள். காலையில் பிள்ளை எழுந்து பிஸ்கற் கேட்டான். அப்போதுதான் என் நெஞ்சுக்குள் தண்ணீர் இறங்கியது.

வைத்தியர் என்னைத் திட்டவில்லை. "அவன் குடிச்ச போத்தல் எங்கை? அதைக் கொண்டு வந்திருந்தால் உள்ளுக்கு என்ன போட்டிருக்கு எண்டு பாத்திருக்கலாம்" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவை நடந்ததை வைத்து எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், இனிமேல் பிள்ளை என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படியும் தாயிடம் சொன்னார்.

ஊர் வைத்த பெயர்

வருத்தம் ஒரு நாளில் மாறியது. பேச்சு மாறவில்லை. அந்தத் தாய் தனியாக வாழ்பவர். கணவர் வேலைக்கென்று வெளி மாவட்டம் போய்த் தொடர்பே இல்லாமல் போனவர். தகப்பனை 2009இல் இழந்தவர். தனியாக வாழும் பெண்ணின் வீட்டில் எது நடந்தாலும் காரணம் அவள்தான் என்று ஊர் முடிவு செய்துவிடும்.

"முள்ளிவாய்க்காலில உப்பில்லாத கஞ்சி குடிச்சு உயிர் தப்பின சனம் நாங்கள். எங்களுக்கு வராத அலர்ஜி இவவின்ர பிள்ளைக்கு மட்டும் எங்கயிருந்து வந்தது?" என்றார் ஒருவர். "பொத்திப் பொத்தி வளர்த்தால் இப்பிடித்தான்" என்றார் இன்னொருவர். "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ, பிறகு எங்கட தலையில வரும்" என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள் சிலர். அந்தத் தாய் மகனை முன்பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, நோய் வேறு, அந்த நோய்க்குச் சமூகம் வைக்கும் பெயர் வேறு என்று படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள் நான். ஆனால் அந்தப் பெயரை அந்தத் தாய்க்கு வைக்கத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. "ஒண்டும் செய்யாது" என்று முதலில் சொன்னது நான்தானே.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் நினைவுக்கு வந்தது. 2009இல் அங்கே இருந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தண்ணீர் பவுசர் வந்தால் வாளியோடு ஓடுவோம். பொதி கொடுத்தால் கை நீட்டுவோம். என் அம்மாவுக்கு ரின் மீன் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் கைகள் தடித்துச் சிவக்கும். அங்கே ரின் மீன் கிடைத்த நாட்களில் அதையும் சாப்பிட்டார். இரவிரவாகச் சொறிந்துகொண்டு கிடந்தார். "வேறை ஏதும் கேட்டுப் பாப்பமே அம்மா?" என்றேன். "வாய் வைக்காதை பிள்ளை, பிறகு இதுவும் இல்லாமல் போயிடும்" என்றார்.

தோழியரே, கொடுத்ததை வாங்கி, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விழுங்க நாங்கள் பழகியது அப்படித்தான். அன்றைக்கு அது உயிர் தப்பும் வழி. இன்றைக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. எங்கள் பிள்ளையின் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. ஒரு தாய் "என் பிள்ளைக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னால் அதைக் கேட்டு நடக்கவேண்டிய கடமையும் இருக்கிறது.

ஒவ்வாமை என்றால் என்ன?

எங்கள் உடம்புக்குள் நோயை எதிர்க்கும் காவல் ஒன்று இருக்கிறது. சிலருடைய உடம்பில் அந்தக் காவல் தீங்கில்லாத ஓர் உணவைப் பகையென்று தவறாக எடுத்துக்கொள்ளும். அதன் விளைவுதான் தடிப்பு, கடி, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு முட்டு எல்லாம். பசுப்பால், முட்டை, மீன், இறால், நண்டு, கச்சான், கஜு, கோதுமை, சோயா, எள்ளு ஆகியவை பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. பொத்தி வளர்ப்பதால் வருவதுமில்லை, தாயின் குற்றத்தால் வருவதுமில்லை. போர்க்காலத்திலும் இது இருந்தது. அப்போது அதைக் கவனிக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

போத்தல் பானத்தில் சேர்க்கும் சில பொருட்கள் ஒவ்வாமையைப் போன்ற விளைவைச் சிலருக்கு உண்டாக்கும். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, மிச்சமிருந்த போத்தலை எடுத்து அதன் சிட்டையை முதன்முறையாக வாசித்தேன். சிறிய எழுத்தில் சில இலக்கங்கள் இருந்தன. நீங்களும் இவற்றை உங்கள் கொப்பியில் குறித்துவையுங்கள்.

102 என்பது டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறமூட்டி. சிலருக்கு இதனால் உடம்பு தடிக்கும். 110 என்பது செம்மஞ்சள் நிறமூட்டி. இந்த இரண்டு நிறங்களும் சேர்த்த உணவுகளில், பிள்ளைகளின் கவனத்தையும் துடிப்பையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

211 என்பது பானம் பழுதடையாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேற்று. 220 முதல் 228 வரையான இலக்கங்கள் பெரும்பாலும் சல்பைற்று வகையைக் குறிப்பவை. இவையும் பழுதடையாமல் இருப்பதற்காகவே சேர்க்கப்படுகின்றன. தொய்வு வருத்தம் உள்ள சிலருக்குச் சல்பைற்று மூச்சு முட்டைக் கிளப்பிவிடும். ஒரு கிலோ உணவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைற்று இருந்தால் அதைச் சிட்டையில் காட்டவேண்டும் என்பது சர்வதேச உணவு நியமம்.

இந்த இலக்கங்களைக் கண்டவுடன் நஞ்சென்று பயப்பட வேண்டாம். இவை அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்க்கப்படுபவை. குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் உங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒருவராக இருந்தால் மற்றவர்களின் கணக்கு உங்களுக்கு உதவாது.

சீனியையும் பாருங்கள். குடிக்கத் தயாராக விற்கும் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடும் முறை எங்கள் நாட்டில் 2016இல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. இடைப்பட்டது மஞ்சள்.

தேசிக்காயோடு ஒரு கூட்டம்

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் பேச்சு எதுவும் ஆயத்தம் செய்யவில்லை. ஒரு பை தேசிக்காயும் சீனியும் கொண்டுபோனேன். அதற்கு முதல் நாள் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், "தங்கச்சி, நீர் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும். பிழை என்னில" என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இருங்கோ மிஸ், தேத்தண்ணி வைக்கிறன்" என்றார். கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் வந்தார்.

கூட்டத்தில் நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். பானம் வாங்கியது நான், சிட்டை வாசிக்காதது நான், தாயின் சொல்லைத் தட்டியது நான் என்று சொன்னேன். கஞ்சிக் கதை சொன்ன அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் தேசிக்காய் வெட்டத் தொடங்கினோம்.

அங்கே எல்லோருக்கும் புளி பிழியக் காட்டித் தந்தவர் ஷெல்லில் இடது கையை இழந்த ஒரு பெரியம்மா. ஈரத் துணியை மடித்து மேசையில் விரித்து, அதன்மேல் பலகையை வைத்தார். பலகை வழுக்கவில்லை. தேசிக்காயை ஒற்றை உள்ளங்கையால் அழுத்தி உருட்டினார். கத்தியால் ஒரே அழுத்தில் இரண்டாக்கினார். பாதியைக் கம்பி வடியில் கவிழ்த்து, தடித்த மர அகப்பையின் முதுகால் அமத்தினார். புளி கீழே இறங்கியது, விதை வடியிலேயே நின்றது. "ரெண்டு கையிருக்கிற ஆக்களெல்லாம் தோலையும் சேத்துப் பிழிஞ்சு கைச்சுப்போக விடுவினம்" என்று சிரித்தார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அவர் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தேவையானவை (1 லீற்றருக்கு)

நடுத்தர அளவான தேசிக்காய் 4 (ஏறக்குறைய 100 மில்லி லீற்றர் புளி வரும்)
சீனி 6 மேசைக்கரண்டி (ஏறக்குறைய 75 கிராம்)
உப்பு ஒரு சிட்டிகை
கொதித்தாறிய நீர் 1 லீற்றர்

முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 150 மில்லி லீற்றர் கொடுப்பதென்றால் 18 தேசிக்காயும், 340 கிராம் சீனியும், நாலரை லீற்றர் நீரும் போதும்.

செய்யும் முறை

1. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கத்தி, பலகை, வடி, கரண்டி எல்லாவற்றையும் கழுவுங்கள். கருவாடு வெட்டிய பலகையும், இறால் துப்புரவாக்கிய கத்தியும், கச்சான் மா அள்ளிய கரண்டியும் கழுவாமல் இங்கே வந்தால் நாங்கள் செய்யும் வேலைக்கே அர்த்தமில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துளி ஒட்டியிருந்தாலே போதும். முடிந்தால் இதற்கென்று ஒரு பலகையைத் தனியாக வைத்திருங்கள்.

2. தேசிக்காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் மருந்தடித்த மிச்சமும் மண்ணும் இருக்கும். வெட்டும் கத்தி அதை உள்ளே கொண்டுபோகும்.

3. பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். உள்ளே இருக்கும் சுளைகள் உடைந்து புளி கூட வரும். குறுக்காக வெட்டி, விதையை நீக்கி, வடியில் கவிழ்த்து அமத்துங்கள். கடைசித் துளிவரை நசுக்க வேண்டாம். தோலில் உள்ள எண்ணெய் இறங்கினால் பானம் கைக்கும்.

4. சீனியை அரைக் கோப்பை சுடுநீரில் தனியாகக் கரைத்து ஆறவிடுங்கள். அழுக்குத் தெரிந்தால் மெல்லிய துணியால் வடித்துக்கொள்ளுங்கள். புளியைச் சுடுநீரில் விடவேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம். அதிலுள்ள உயிர்ச்சத்து சி வெப்பத்தில் குறைந்துபோகும்.

5. ஆறிய சீனிப்பாகையும் உப்பையும் மிச்ச நீரில் சேர்த்து, கடைசியாகப் புளியை விட்டுக் கலக்குங்கள். மண், கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரங்கள் நல்லவை. அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்கவேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

6. எசன்ஸ், நிறம், பக்கற் தூள் எதுவும் சேர்க்கவேண்டாம். ஐஸ் போடுவதென்றால் கொதித்தாறிய நீரில் செய்ததாக இருக்கட்டும். கடையில் உடைத்துத் தரும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று எங்களுக்குத் தெரியாது.

7. கரைத்த அன்றே குடித்து முடியுங்கள். பழுதடையாமல் இருக்க இதற்குள் நாங்கள் எதுவும் போடவில்லை.

இந்த அளவில் 100 மில்லி லீற்றருக்கு ஏறக்குறைய 7 கிராம் சீனி இருக்கும். போத்தலென்றால் மஞ்சள் அடையாளம் கிடைக்கும். சீனியைப் பாதியாக்கினாலும் பிள்ளைகள் ஒரு கிழமையில் பழகிவிடுவார்கள். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு சீனியை அளந்து போட நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோமே. நீரிழிவு உள்ளவர்கள் சீனி இல்லாமல் உப்பு மட்டும் போட்டுக் குடிக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் விட்டுவிடுங்கள். தேன் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

தேசிக்காயே ஒத்துக்கொள்ளாவிட்டால்?

வீட்டில் செய்தது என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். அரிதாகச் சிலருக்குத் தேசிக்காயும் தோடம்பழமும் ஒத்துக்கொள்வதில்லை. குடித்தவுடன் உதடும் தொண்டையும் கடித்தால் நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் வாயைச் சுற்றிச் சிவந்தால் அது பெரும்பாலும் புளிப்புப் பட்ட எரிவுதான். கழுவினால் மாறும். மாறாமல் பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றுப் புண், நெஞ்செரிவு உள்ளவர்கள் வெறுவயிற்றில் குடிக்கவேண்டாம். குடித்தபின் எல்லோரும் வெறும் நீரால் வாயைக் கொப்பளியுங்கள். புளிப்பு பல்லை அரிக்கும்.

தேசிக்காய் வேண்டாதவர்களுக்கு இளநீர் இருக்கிறது, கொத்தமல்லி அவித்த நீர் இருக்கிறது, நன்னாரி வேர் அவித்த நீர் இருக்கிறது. எதையும் முதல் நாள் சிறிதளவு கொடுத்துப் பார்த்துப் பழக்குங்கள். ஆனால் முன்பே கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போன ஒரு பொருளை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. அது ஆஸ்பத்திரியில் செய்யவேண்டிய வேலை.

இன்னொரு விடயம், சர்பத் விற்கும் சகோதரிகளுக்கு. தேசிக்காய்ப் புளி தோலில் பட்ட கையோடு வெயிலில் நின்றால், அடுத்தடுத்த நாட்களில் அந்த இடம் எரிந்து கொப்பளிக்கும், பிறகு கறுத்துப்போகும். தேசிக்காயில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை இது. கோயில் திருவிழாவில் கடை போட்ட ஒரு சகோதரியின் கை இப்படிக் கறுத்தபோது யாரோ செய்வினை என்று சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார்கள். செய்வினையுமில்லை, தொற்றுநோயுமில்லை. நிழலில் இருந்து பிழியுங்கள். வெயிலுக்குப் போகுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அத்தோடு உங்கள் கடையின் முன்னால் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்: "தேசிக்காய், சீனி, உப்பு, கொதித்தாறிய நீர். வேறு எதுவும் இல்லை." ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு வரும் ஒரு தாய்க்கு அந்த மட்டை எவ்வளவு ஆறுதல் என்பதை நீங்களே காண்பீர்கள். ஆனால் எழுதியதற்கு உண்மையாக இருக்கவேண்டும்.

உடனே ஓடவேண்டிய நேரம்

உதடு, நாக்கு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் அடைத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மயங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்கவேண்டாம். தேசிக்காய்த் தண்ணியும் கொடுக்கவேண்டாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதுவரை ஆளை எழுந்து நடக்க விடாமல் படுக்கவைத்துக் காலைச் சிறிது உயர்த்துங்கள். மூச்சு முட்டுபவரை நிமிர்ந்து இருக்கவிடுங்கள். வாந்தி எடுப்பவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள். சாப்பிட்ட பொருளின் பக்கற்றையோ போத்தலையோ கையோடு கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகாமல் விட்டது அதைத்தான்.

சிட்டையே இல்லாமல் பானம் விற்றால், அல்லது திகதி முடிந்ததை விற்றால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் எங்களுக்காகவும் எழுதப்பட்டதுதான்.

அதே கோப்பை

இந்த ஆண்டு முன்பள்ளிக் கலைவிழாவுக்கு நாங்கள் போத்தல் வாங்கவில்லை. தாய்மார் காலை ஆறு மணிக்கே வந்து தேசிக்காய் வெட்டினார்கள். "அந்தப் பிள்ளைக்குத் தனியா ஒரு போத்தலில ஊத்தி வைப்பமோ?" என்று ஒருவர் கேட்டார். கஞ்சிக் கதை சொன்ன அதே அக்கா, "ஏன் தனியா? எல்லாரும் குடிக்கிறதை அவனும் குடிக்கட்டும். அதுக்குத்தானே விடிய எழும்பி வந்தனாங்கள்" என்றார்.

பிள்ளையின் தாய் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். பலகை கழுவியதா, சீனி எந்தப் பக்கற்றில் இருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எவரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். முதல் கோப்பையை அவரே குடித்துப் பார்த்தார். "சீனி கொஞ்சம் காணாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மகனுக்கு ஒரு கோப்பை கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டான். நான் அரை மணித்தியாலம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மண் விளையாடப் போய்விட்டான்.

அன்றைக்கு நான் அவனை ஏங்க விடக்கூடாது என்று நினைத்தது தவறான நினைப்பில்லை. ஆனால் அதற்கு வழி, அவனுக்கு ஒத்துக்கொள்ளாததை அவன் வாயில் வைப்பதாக இருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துக்கொள்ளும் ஒன்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கரைப்பதாக இருந்தது. நாலு தேசிக்காயும் கொஞ்சம் பொறுமையும் போதும் அதற்கு.

தோழியரே, உங்கள் ஊரிலும் "என்ர பிள்ளைக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு தாய் இருப்பார். அவர் இரண்டாந்தரம் சொல்லும்படி விடாதீர்கள். அந்தத் தாய் நீங்களாகவே இருந்தால், தயங்காமல் கேளுங்கள்: இதற்குள் என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளாத உணவுகளையும், அவற்றுக்குப் பதிலாக நீங்கள் செய்வதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டியோடு சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோழி